ஒரு ரிங், ஆறு விளக்கு

ஷார்ஜாவிலிருந்து பால்பாண்டி தினமும் பதினொன்றரை மணிக்கு ஒரு ரிங் விட்டு நிறுத்திவிடுவான். நன்றாக இருக்கிறேன் என்று அர்த்தம். பேசுவதெல்லாம் மாதத்தில் இரண்டு வெள்ளிக்கிழமைதான். 2006-இல் பாதி வில்லாபுரம் இப்படி மிஸ்டு காலில்தான் குடும்பம் நடத்தியது.

அவன் மனைவி இசைவாணிக்கு அந்த ரிங் ஒருநாளும் சிக்கவில்லை. அவனியாபுரத்தில் ஓர் அரிசி ஆலையில் அவளுக்கு வேலை. இயந்திரச் சத்தத்தில் மணி கேட்காது. தரையே அதிரும் இடத்தில் போன் அதிர்வது எங்கே தெரியும்? சாப்பாட்டு நேரத்தில் எடுத்துப் பார்த்தால், வந்து போனதற்கான அடையாளம் மட்டும் இருக்கும்.

“அதான் வந்துருச்சுல்ல, அப்புறமென்ன?” என்பாள் கூட வேலை பார்க்கும் தங்கப்பொண்ணு.

வந்தது வேறு, வந்துகொண்டிருப்பது வேறு. அவன் போனைக் காதில் வைத்திருக்கும் அந்த இரண்டு நொடியில் தானும் இருக்க வேண்டும் என்றிருந்தது இசைவாணிக்கு. அதை விளக்கத்தான் அவளுக்கு வரவில்லை.

சிம்மக்கல்லில் செல்போன் பழுது பார்க்கும் துளசிராமிடம் போனாள். “கூப்புட்டா பளிச்சுன்னு தெரியணும்ணே. எம்புட்டு லைட்டு வைக்க முடியுமோ வைங்க.”

அவர் ஆறு சிவப்பு விளக்குகளை வைத்தார். சேலைக்கு மேல் போட்ட ஆண் சட்டையின் பையில், தினமும் ஒருமுறை சிவப்பாய் எரிந்து அணைந்தது. “ஏய், ஒன் மாப்ள நெஞ்சுக்குள்ள தீ வைக்கிறாருடி!” என்று கத்தினாள் தங்கப்பொண்ணு. ஒன்பது நாள். பத்தாம் நாள் போன் உயிர் பெறவேயில்லை.

துளசிராம் போனைத் திறந்து பார்த்தார்.

“தப்பு என்னோடதும்மா. போனுக்குள்ள கரண்டப் பங்கு போடுற சில்லுதான் இந்தப் பவர் ஐ.சி. இதுல லைட்டுக்குன்னு இருக்குற கம்பிக் கால், இம்புட்டுத்தான் கரண்ட் தரணும்னு கணக்கு. எரின்னு சொல்லத்தான் அதுக்குத் தெம்பு, எரிக்க இல்ல. நான் ஆறையும் அது தலையிலயே கட்டிட்டேன்.”

“ஒம்பது நாளு எரிஞ்சுச்சேண்ணே?”

“முடியலன்னு சொல்லத் தெரியாதும்மா அதுக்கு. குடுத்துக்கிட்டே இருந்துருக்கு.”

“இப்ப அவரு கூப்புட்டா?”

“சுவிட்ச் ஆஃப்னு வரும்.”

வேறு ஐ.சி. கிடைக்க நான்கு நாளாயிற்று. கிடைத்த அன்று ஆலைக்குப் போகாமல் கடையிலேயே வந்து உட்கார்ந்தாள். இந்த முறை நடுவில், சுவிட்ச் மாதிரி வேலை செய்யும் சின்ன டிரான்சிஸ்டர் ஒன்றை வைத்தார். ஐ.சி.யின் கால் சொல்ல மட்டும் செய்யும். எரிக்கும் பாரம் பேட்டரிக்கு.

பதினொன்றரைக்கு விளக்கு எரிந்து அணைந்தது. மறுபடி எரிந்தது. மூன்று. நான்கு.

“எடும்மா. இன்னைக்கு நிப்பாட்ட மாட்டேங்குறாரு பாரு.”

அவளுக்கு எடுக்க மனசில்லை. இத்தனை நேரம் அவன் அந்தப் பக்கம் நின்றதே இல்லை. ஏழாவதில் எடுத்தாள்.

“எங்கடி போய்த் தொலைஞ்ச?” அவன் குரல் உடைந்திருந்தது. “ஏய்... இருக்கியா?”

“இருக்கேன்.”

காசு ஏறுமே என்று ‘சரி, வைங்க’ என எப்போதும் முதலில் சொல்பவள் அவள்தான். அன்று சொல்லவில்லை.