ஓல்கா அக்கா இறங்கி வரவில்லை

போட்லாஸ் ஊரில் அல்பினைப் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுநராக அறிந்தவர்களைவிடத் தொண்டர் தீயணைப்புப் படையின் தலைவராக அறிந்தவர்களே அதிகம். சம்பளம் கிடையாது. சைரன் ஒலித்தால் சாப்பாட்டுத் தட்டை அப்படியே விட்டுவிட்டு ஓட வேண்டிய வேலை. தச்சர், ரொட்டிக் கடைக்காரர், பால் பண்ணைக்காரர் என்று திடகாத்திரமாக இருக்கும் பாதி ஊர் அந்தப் படையில்தான் இருந்தது.

குளிர்காலத்துக்கு முன்னால் அல்பினும் கூட்டாளிகளும் வீடு வீடாக ஏறி இறங்குவார்கள். புகைபோக்கி சுத்தமா, மின்கம்பிமேல் சாய்ந்த கிளையை வெட்டியாயிற்றா, மருந்து இருக்கிறதா என்று கேட்டுத் துளைத்தெடுப்பார்கள். ஜனங்கள் பிளம் சாராயத்தை ஊற்றி நீட்டி, "குடிச்சிட்டுக் கிளம்புய்யா, புயல் வந்தா உன்னையேதான் கூப்பிடப்போறோம்" என்று சிரிப்பார்கள். ஆனாலும் சொன்னதைச் செய்துவிடுவார்கள்.

அவர் பேச்சு எடுபடாத ஒரே வீடு, அவருடைய அக்கா ஓல்காவின் வீடு.

காட்டைத் தாண்டி, மேட்டில் தனியாக இருந்தது அது. மர ஆலையில் தூசியைச் சுவாசித்தே ஓல்காவின் நுரையீரல் கெட்டுப்போயிருந்தது. மின்சாரத்தில் ஓடும் இயந்திரம் ஒன்று குழாய் வழியாக அவளுக்கு ஆக்சிஜன் கொடுத்துக்கொண்டிருந்தது. மின்சாரம் போனால் சமாளிக்க ஒரு சிலிண்டர். அது அரைநாள் தாங்கினால் அதிகம்.

"குளிர் முடியுற வரைக்கும் எங்க வீட்டுல வந்து இரேன்க்கா."

"எதுக்கு? உன் பொண்டாட்டி மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு சூப்பை டொக்குன்னு வைப்பா. அதைக் குடிக்கவா?"

"பிரெதா அப்படியெல்லாம் பண்ண மாட்டாக்கா."

"அப்பா சாவுக்கு வந்த சனத்துக்கு முன்னாடி அவ என்னைப் பேசினது உனக்கு மறந்துபோச்சு. எனக்கு மறக்கல. போடா, போய் ஊரைக் காப்பாத்து."

வீட்டில் பிரெதாவோ, "நானா வேண்டாங்கிறேன்? வரட்டும். ஆனா நான் போய்க் கெஞ்ச மாட்டேன்" என்றாள். இருவருக்கும் நடுவில் அல்பின் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டார். அக்காவைத் தூக்கிக்கொண்டா வர முடியும்?

பிப்ரவரியில் அந்த மழை வந்தது. பனியாக விழுந்திருந்தால் பரவாயில்லை. தண்ணீராக விழுந்து பட்ட இடத்திலேயே கண்ணாடியாக உறைந்தது. கிளை, கம்பி, வேலி எல்லாவற்றிலும் கை பருமனுக்குப் பனிக்கட்டி. பொழுது விடிந்தபோது மின்கோபுரங்கள் மடங்கிக் கிடந்தன. ஊரில் ஒரு விளக்கும் எரியவில்லை.

படையினர் ரம்பங்களோடு மேட்டுப் பாதையில் ஏறினார்கள். ஒரு மரத்தை அறுத்து ஒதுக்கினால் பின்னால் இன்னும் இரண்டு விழுந்தன. காடு முழுக்க வெடி வெடிப்பதுபோல மரங்கள் முறிந்துகொண்டிருந்தன. ரொட்டிக் கடை லியுபோவின் மேல் ஒரு பெரிய கிளை இறங்கியது. தொடை எலும்பு முறிந்து அவன் அலறினான். உடனே வாக்கி டாக்கியில் மேலிடத்து உத்தரவு வந்தது: எல்லாரும் காட்டை விட்டு வெளியேறுங்கள்.

ஆட்கள் அல்பினின் முகத்தைப் பார்த்தார்கள்.

"அந்த மேட்டுல இருக்கிறது உங்க அக்கா. நீங்க சொன்னா மேல போறோம் தலைவரே" என்றார் தச்சர் மாத்தெவ்ஷ்.

ஆபத்தில் கண்ணை மூடிக்கொண்டு நுழையாதே என்று அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்ததே அல்பின்தான். கீழே லியுபோ பல்லைக் கடித்துக்கொண்டு முனகினான். மாத்தெவ்ஷுக்கு மூன்று பிள்ளைகள்.

"இறங்குங்க" என்றார் அல்பின்.

படையின் கொட்டகையிலிருந்து அக்காவைத் தொலைபேசியில் பிடித்தார்.

"சிலிண்டர்ல எவ்வளவு இருக்குக்கா?"

"முள்ளு அடிக்கு வந்திருச்சுடா."

"பேசாதே. மெதுவா மூச்சு விடு."

"கேள்வியும் கேக்குற, பேசாதேங்குற." சிரிக்கப் பார்த்து இருமினாள். "மேல வந்துராதடா. மரம் விழுற சத்தம் இங்க கேக்குது."

கொட்டகைக்கு ஓடி வந்திருந்த பிரெதா அவர் கையிலிருந்து போனைப் பிடுங்கினாள். "அண்ணி, நான் பிரெதா. நானே வந்து உங்களைக் கூப்பிட்டிருக்கணும், அண்ணி…"

எதிர்முனையில் சத்தமே இல்லை. இணைப்பு எப்போது அறுந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. பிரெதா திரும்பத் திரும்ப எண்ணை அழுத்தினாள். அல்பின் வாசலில் நின்று காட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். பார்ப்பதைத் தவிர அவரால் வேறொன்றும் செய்ய முடியவில்லை.

மறுநாள் ராணுவத்தின் கனரக வண்டி வழி திறந்தது. ஓல்கா ஜன்னலோர நாற்காலியில், தலை ஒருபக்கம் சாய்ந்து, தூங்குகிறவளைப்போல இருந்தாள். அல்பின் குழாயை அவள் மூக்கிலிருந்து மெல்லக் கழற்றினார். குழாய் பதிந்த தடம் கன்னத்தில் அப்படியே இருந்தது.

யாரும் அவரைக் குறை சொல்லவில்லை. லியுபோகூட சக்கர நாற்காலியில் சாவுக்கு வந்தான். அல்பின் தலைவர் பதவியை விட்டுவிட்டார், படையை விடவில்லை.

அந்த இலையுதிர் காலத்தில் யாரும் சொல்லாமலே ஆட்கள் மேட்டுப் பாதைக்கு ரம்பத்தை எடுத்துப் போனார்கள். இருபுறமும் மரங்களை வெட்டி, லாரியே போகிற அளவுக்கு அகலமாக்கினார்கள். மேலே பூட்டிய வீடு ஒன்றுதான் இருந்தது. போதும், விடுங்கள் என்று சொல்ல அல்பினுக்கு வாய் வரவில்லை. அவரும் ஒரு ரம்பத்தை எடுத்துக்கொண்டு அவர்கள் பின்னால் நடந்தார்.