ஒரு சுருட்டு நேர நடை

ஐம்பதைத் தாண்டிய பிறகு என்னையும் நடக்கச் சொல்லிவிட்டார்கள். தினமும் அரை மணித்தியாலம், வியர்க்க வியர்க்க, என்றார் டொக்டர். மகள் உடனே என் மணிக்கட்டில் ஒரு கருவியைக் கட்டிவிட்டாள். நான் நடந்ததையும் நடக்காததையும் அது அவளிடம் போய்ச் சொல்லிவிடுகிறது. எனக்கு அதன்மேல் கோபமில்லை. எட்டு வயதில் நானே அந்த உத்தியோகம் பார்த்திருக்கிறேன்.

அப்போது நாங்கள் அனலைதீவில் இருந்தோம். அப்பா புகையிலைத் தோட்டக்காரர். நாங்கள் உண்டதும் உடுத்ததும் புகையிலையில் வந்தவை. ஆகவே அம்மாவால் சுருட்டைத் திட்ட முடிந்ததே தவிரப் புகையிலையைத் திட்ட முடியவில்லை. விற்கிற புகையிலை லட்சுமி, அப்பா சுருட்டாக்கிப் பத்துகிற புகையிலை மூதேவி என்று அவர் பிரித்து வைத்திருந்தார். இரண்டும் ஒரே பாத்தியில்தான் வளர்ந்தன.

ஊர்ப் பிள்ளையார் கோயில் திருவிழாவில் ஒரு நாள் எங்கள் குடும்பத்தின் உபயம். அன்று மாலை பிள்ளையார் எலி வாகனத்தில் ஏறி வெளிவீதி சுற்றுவார். அவரை எலி சுமப்பதாகப் பேச்சு. எலியையும் சேர்த்துச் சுமப்பவை இரண்டு நீண்ட மரக்கொம்புகளும், அவற்றைத் தோளில் காவுகிற எங்கள் ஆண்களும்தான். வலது பக்க முன்கொம்பு அப்பாவுடையது. அவருக்கு முன் அவருடைய தகப்பனுடையது. இதை எவரும் எங்கும் எழுதி வைக்கவில்லை. எங்கள் ஊரில் காணி எல்லைக்குச் சண்டை வரும், கிணற்றுப் பங்குக்குச் சண்டை வரும், கொம்புக்கு மட்டும் வந்ததில்லை.

நான் சொல்லப்போகும் வருஷத்துக்கு முந்திய வருஷம் மேற்கு வீதியில் அப்பாவுக்கு மூச்சு முட்டிவிட்டது. அவர் தோள் இறங்கியது, கொம்பு சரிந்தது, பிள்ளையார் ஒரு பக்கம் சாய்ந்தார். பின்னால் வந்துகொண்டிருந்த மாமா, அம்மாவின் தம்பி, ஓடிவந்து தோள் கொடுத்துச் சுவாமியை நிமிர்த்தினார். மாமா நல்லவர். சுவாமி உள்ளே போனபின் அப்பாவிடம் அவர் சொன்னதும் ஆறுதலாகத்தான்.

"அத்தான், வாற வருஷம் நீங்கள் முன்னாலை தேவாரம் பாடிக்கொண்டு வாங்கோவன். கொம்பை நான் பாக்கிறன்."

எங்கள் ஊரில் தேவாரக் கோஷ்டி என்பது இடுப்புப் பிடித்தவர்களும் பல் விழுந்தவர்களும் ஒதுங்குகிற இடம். அப்பாவுக்கு நாற்பது முடிந்து கொஞ்ச நாள்தான். அவர் சிரித்தார். வீட்டுக்கு வந்து அன்று சாப்பிடவில்லை.

மறு வருஷம் திருவிழாவுக்குச் சில மாதங்கள் இருக்கும்போதே அப்பா வள்ளமேறி ஊர்காவற்றுறை ஆஸ்பத்திரிக்குப் போனார். எங்கள் வீட்டில் காய்ச்சல் இல்லாமல் ஒருவர் டொக்டரிடம் போனது அதுதான் முதல் தடவை. டொக்டர் நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்துவிட்டு இரண்டு காரியம் சொன்னாராம். ஒன்று, காலையில் அரை மணித்தியாலம் கைவீசி நடக்க வேண்டும். மற்றது, சுருட்டை விட வேண்டும். அப்பா முதலாவதை அன்று மாலையே அம்மாவுக்குச் சொல்லிவிட்டார். இரண்டாவது வெளியே வர ஒரு கிழமை எடுத்தது. அதுவும் அதே டொக்டரிடம் போய் வந்த பக்கத்து வீட்டு அக்கா மூலம்.

நடைதான் முதலில் தொடங்கியது. அதில் ஒரு சிக்கல் இருந்தது. அரை மணித்தியாலத்தை எப்படி அறிவது? அப்பாவிடம் கைமணிக்கூடு இல்லை. வீட்டுச் சுவரில் இருந்த மணிக்கூட்டைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நடக்க முடியாது. ஆனால் புகையிலை விளைகிற ஊரில் இதெல்லாம் ஒரு பிரச்சினையா? எங்கள் ஆட்கள் தூரத்தையும் நேரத்தையும் எப்போதும் சுருட்டால்தான் அளந்தார்கள். இறங்குதுறை எங்கள் வீட்டிலிருந்து ஒரு சுருட்டுத் தூரம். ஒரு சுருட்டு எரிந்து முடிய அரை மணித்தியாலம். அப்பா ஒரு சுருட்டைப் பற்றவைத்துக்கொண்டு படலையைத் திறந்தார். அது முடியும்வரை நடந்தார். டொக்டர் சொன்ன அளவுக்கு ஒரு நிமிஷம் கூடவுமில்லை, குறையவுமில்லை.

முன்பு ஒரு நாளைக்கு இரண்டு சுருட்டுப் பத்தியவர், தேகப்பயிற்சியின் பலனாக மூன்றுக்கு உயர்ந்தார்.

அம்மா விடவில்லை. அப்பாவிடம் கணக்கு இருந்தது. நடந்தால் மூச்சுக் கூடும், பத்தினால் மூச்சுக் குறையும், இரண்டையும் ஒன்றாகச் செய்தால் நட்டமில்லை என்றார். புகையிலைச் சந்தையில் வியாபாரிகளையே மடக்குகிற கணக்கு அது. அம்மா அடுத்த நாள் காலையில் என்னை எழுப்பி, அப்பாவோடு நடந்துவிட்டு வா என்றார். துணைக்கு என்று அப்பாவுக்குச் சொன்னார். பார்த்து வந்து சொல்ல என்று எனக்குச் சொன்னார்.

அந்த வேலை எனக்கு மிகவும் பிடித்திருந்தது. நான் சிறுவயதிலேயே பருத்த உடம்பு. பள்ளிக்கூட ஓட்டப் போட்டியில் கயிறு பிடிக்க மட்டும் அழைக்கப்படுகிறவன். எனக்குத் தோதான வேகத்தில் நடக்கிற ஒரே மனிதர் அப்பாதான். பனைகளுக்கிடையே போகிற மணல் ஒழுங்கையில் அவர் முன்னே, புகை நடுவில், நான் பின்னே. கொஞ்சத் தூரத்தில் சுருட்டு அணைந்துவிடும். அப்பா நிற்பார். கடலுக்கு முதுகைக் காட்டித் திரும்பி, கையைக் குவித்து, நெருப்புப்பெட்டியைத் தேடி, ஒரு குச்சியை எடுத்துப் பார்த்து, அதைத் திரும்ப வைத்து வேறொன்றை எடுத்து, ஆறுதலாகப் பற்றவைப்பார். அதுவரை நான் ஓணான் பார்ப்பேன். பிறகு நடப்போம். பிறகு அணையும்.

திரும்பி வந்ததும் அம்மா குசினிக்குள் கூப்பிட்டு விசாரிப்பார். நடந்தவரோ என்பார். நடந்தவர் என்பேன். பத்தினவரோ என்பார். அது சுருட்டில்லையாம், மணிக்கூடாம் என்பேன். உடனே குசினியிலிருந்து முற்றம்வரை கேட்கும்படி ஏச்சுத் தொடங்கும். தினமும் இப்படித்தான்.

திருவிழாக் கொடியேறுவதற்கு முதல் கிழமை ஒரு நாள், பிள்ளை, இவ்வளவு நேரம் எங்கே நின்றீர்கள் என்று அம்மா கேட்டார்.

"சுருட்டு நெடுக அணைஞ்சு போச்சு. அப்பா நிண்டு நிண்டு பத்தினவர்."

"இண்டைக்குக் காத்தில்லையே."

"ஓம், காத்தில்லை. இலைகூட அசையேல்லை. ஆனாலும் அணைஞ்சது."

நான் காதுகளைத் தயாராக வைத்துக்கொண்டு நின்றேன். ஏச்சு வரவில்லை. அம்மா அடுப்பில் இருந்ததைக் கிண்டினார். கிண்ட வேண்டிய கறி அல்ல அது, வெறும் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. அதற்குப் பிறகு என்னை அவர் விசாரிக்கவே இல்லை. என் உத்தியோகம் காரணம் சொல்லாமல் பறிபோனதில் எனக்கு மனத்தாங்கல்.

எங்கள் உபயத்தன்று மேளக்காரர்கள் காலை வள்ளத்தில் யாழ்ப்பாணப் பக்கமிருந்து வந்து இறங்கினார்கள். அவர்களுக்கு மத்தியானச் சாப்பாடு எங்கள் வீட்டில். நாதஸ்வரக்காரர் அகன்ற நெஞ்சுடைய பெரிய மனிதர். நான் தண்ணீர்ச் செம்போடு நின்றேன். அம்மா சோறு போட்டுக்கொண்டே மெதுவாகச் சொன்னார்.

"அண்ணை, இண்டைக்கு மூலைக்கு மூலை நிண்டு வடிவா வாசியுங்கோ. அவதிப்பட்டு முடிக்காதேங்கோ."

அவர் நிமிர்ந்து பார்த்தார். போகிற இடமெல்லாம் கெதியாய் முடி என்றுதான் சொல்வார்கள், நிறைய வாசி என்று கேட்கிற உபயகாரரை இன்றைக்குத்தான் காண்கிறேன் என்று சிரித்தார்.

"எங்கடை இவர்தான் முன்கொம்பு," என்றார் அம்மா.

நாதஸ்வரக்காரர் இலையில் சோற்றைக் குழித்துக்கொண்டே, ஓம் தங்கச்சி என்றார். பிறகு ரசம் கேட்டார்.

மாலையில் சுவாமி வெளியே வந்தார். அப்பா வேட்டிக்குமேல் சால்வையை இறுக்கிக் கட்டிக்கொண்டு முன்கொம்புக்குத் தோளைக் கொடுத்தார். மாமா கொஞ்சம் பின்னே, கையைக் கொம்புக்குப் பக்கத்தில் வைத்தபடி வந்தார். என் கவலை வேறு. யாழ்ப்பாணத்திலிருந்து ஐஸ்பழக்காரர் ஒருவர் பெட்டியோடு வந்திருந்தார். கடைசி வள்ளத்தைப் பிடித்துத் திரும்பிவிடுவார். சுவாமி சுற்றி முடிந்த பின்தான் ஐஸ்பழம் என்று அம்மா சொல்லியிருந்தார்.

முதல் மூலையில் ஊர்வலம் நின்றது. கொம்புகளுக்குக் கீழே கவர்த்தடிகளை முட்டுக்கொடுத்துத் தோள்களை ஆறவிட்டார்கள். நாதஸ்வரம் தொடங்கியது. தொடங்கியது தொடங்கியபடியே இருந்தது. தவில்காரர் முடித்துவிடலாம் என்பதுபோல் ஒரு அடி அடித்துப் பார்த்தார். நாதஸ்வரக்காரர் கண்ணை மூடிக்கொண்டு அடுத்ததுக்குப் போனார். சனம் வட்டமாக நின்று தலையாட்டியது. அப்பா கொம்பில் சாய்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்றார். அடுத்த மூலையிலும் அப்படியே. மேற்கு வீதியின் நடுவில், மூலையே இல்லாத இடத்திலும் நாதஸ்வரக்காரர் திரும்பி அப்பாவை ஒரு தரம் பார்த்துவிட்டு நின்றார், வாசித்தார். மாமாகூடப் பொறுமையிழந்து, மேளக்காரர் இங்கேயே குடியிருக்கப் போகிறாரோ என்று யாரிடமோ சொன்னது கேட்டது. நான் மனதுக்குள் அந்த மனிதரைச் சபித்துக்கொண்டு வந்தேன்.

சுவாமி வாசலுக்கு வந்தபோது வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. கொம்பு அப்பாவின் தோளில்தான் இருந்தது. மாமா வந்து அந்தத் தோளைப் பிடித்துவிட்டார். தேவாரப் பேச்சை அவர் எடுக்கவில்லை. ஐஸ்பழக்காரர் நின்ற இடத்தில் ஈர மண் மட்டும் இருந்தது.

வீட்டில் அப்பா கதிரையில் சாய்ந்திருந்தார். நெஞ்சு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது, முகம் மட்டும் மாப்பிள்ளையின் முகம்.

"பாத்தீரே? எல்லாம் அந்த நடைதான்."

"ஓம், பாத்தனான்," என்றார் அம்மா. தேங்காய் எண்ணெயைச் சூடாக்கிக் கொண்டுவந்து, கொம்பு பதிந்து சிவந்திருந்த தோளில் தேய்க்கத் தொடங்கினார்.

எனக்கு அழுகை அடங்கவில்லை. அந்த ஆள் ஏன் அவ்வளவு நேரம் வாசித்தார், அவரால்தானே ஐஸ்பழம் போனது என்று அம்மாவிடம் முறையிட்டேன். அம்மா அப்பாவின் தோளைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"அவர் சுருட்டுப் பத்திறேல்லை, பிள்ளை. மூச்சு இருக்கு, வாசிக்கிறார்," என்றார்.

அப்பா கண்ணை மூடிக்கொண்டார். நல்ல நாளும் அதுவுமாய் அம்மா மறுபடியும் அப்பாவை ஏசத் தொடங்கிவிட்டார் என்று நினைத்து, நான் அப்பாவுக்காக அம்மாமேல் கோபித்துக்கொண்டு போய்ப் படுத்தேன்.