இக்னேஷியஸ் அண்ணன் எடுத்து வைத்த பூக்கள்

இக்னேஷியஸ் அண்ணனை நல்லவர் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். நானும் சொல்வேன். நன்றாகத் திட்டிவிட்டுச் சொல்வேன்.

பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்தவர். ரயிலில் டிக்கெட் பரிசோதகராக முப்பது வருடம் ஓடினார். ஓய்வு பெற்ற கையோடு ஒரு பிலிம் கேமராவைத் தூக்கிக்கொண்டு, ஆளில்லாத ரப்பர் தோட்டங்களின் இடுகாடுகளைக் கறுப்பு வெள்ளையில் படமெடுக்கக் கிளம்பிவிட்டார். மனைவி தவறிப்போன பிறகு மனிதர்களைப் படமெடுக்க மனம் வரவில்லையாம். காலை ரயிலில் போவார், மாலை ரயிலில் கால்சட்டை நிறைய ஒட்டுப்புல்லோடு வருவார். பதினொரு வருடமாக இதுதான் வேலை. நன்றாக வந்த படங்களைக் கண்காட்சியில் வைப்பார்.

ரவாங்குக்கு அப்பால் நான் பிறந்த தோட்டத்துக்கும் போவார். சனங்களை வெளியேற்றி இருபது வருடத்துக்கு மேலாகிறது. லயத்து வீடுகள் இல்லை, மாதா கோயில் இல்லை, இடுகாடு மட்டும் மிச்சம். அங்கேதான் என் அம்மா இருக்கிறாள். கல்லறைத் திருநாள்தோறும் செராஸிலிருந்து போய்ப் புல் வெட்டி, மெழுகுவத்தி கொளுத்தி, பிளாஸ்டிக் ரோஜா வைத்துவிட்டு வருவோம். நிஜப் பூ இரண்டு நாளில் வாடிவிடும். எங்களுடையது அடுத்த நவம்பர் வரை தாங்க வேண்டும்.

போன வருடம் நிலம் ஒரு கம்பெனிக்குக் கைமாறியது. கல்லறைகளைத் தோண்டி எல்லோரையும் ஒரே குழியில் போட்டுவிட்டு வீடு கட்டுவார்களாம். பால்மரம் வெட்டியே தேய்ந்தவர்களை உயிரோடு இருந்தபோது லயத்திலிருந்து விரட்டியது போதாதா? விண்ணப்பம் எழுதினோம், நில அலுவலக அதிகாரி விசாரணைக்குக் கூப்பிட்டார். இடுகாடுகளை அறிந்தவர் என்று அண்ணனையும் அழைத்துப் போனேன்.

மடிப்புக் கலையாத சட்டை போட்ட கம்பெனி ஆள் திரையில் ஒரு படத்தைப் போட்டார். லாலாங் புல், சாய்ந்த சிலுவை, பின்னால் கறுத்த மேகம். என் அம்மாவின் சிலுவை. கண்காட்சியில் வைத்த படமாம். ஒரு பூ இல்லை, ஒரு மெழுகுவத்தி இல்லை, இங்கே யாருமே வருவதில்லை என்று மலாயில் கூசாமல் சொன்னார்.

கண்காட்சி என்றதுமே யாருடைய படம் என்று புரிந்துவிட்டது. பக்கத்தில் இருந்தவரிடம் திரும்பினேன்.

"அண்ணே, எங்க ரோஜா எங்க?"

"நான்தான் எடுத்தேன்," என்றார் தலை குனிந்தபடி. "பிளேக் அண்ட் வைட்ல பிளாஸ்டிக் பூ அசிங்கமா விழும்லா. ஓரமா வச்சிட்டுப் படம் எடுப்பேன். அப்புறம் திரும்ப வச்சிருவேன்."

"எங்கம்மாவுக்கு வச்சது உங்களுக்கு அசிங்கமா? உங்க அழகுக்கு நாங்க எல்லாரும் அநாதையா?"

அதிகாரி கையமர்த்தியும் நான் நிறுத்தவில்லை. அண்ணன் எழுந்தார். கைப்பேசியை எடுத்துக்கொண்டு நேரே அதிகாரியின் மேசைக்குப் போனார்.

பூவை நகர்த்துமுன் ஒவ்வொரு தடவையும் கைப்பேசியில் ஒரு படம் எடுத்து வைத்திருக்கிறார். யார் பூ யாருக்கு என்பது மாறிவிடக் கூடாதே என்று. பதினொரு வருடத்துப் படங்கள், வண்ணத்தில், தேதியோடு. எல்லாக் கல்லறையிலும் பூ, மெழுகு உருகிய டின், புது மாலை. அழகில்லை என்று யாருக்கும் காட்டாதவை. அதிகாரி தள்ளித் தள்ளிப் பார்த்தார். குடும்பங்களைக் கணக்கெடுக்கும்வரை மண்ணில் கை வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். கம்பெனி ஆள் திரையை அணைத்தார்.

வெளியே வந்ததும் கைப்பேசியைப் பிடுங்கி அம்மாவைத் தேடினேன். சிவப்பு, மஞ்சள், மறுபடி சிவப்பு, எல்லாம் நான் வாங்கியவை. ஒரு வருடம் மட்டும் வெள்ளை. அந்த வருடம் என் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியில் கிடந்தார், நாங்கள் யாரும் போகவில்லை.

"இது யாருண்ணே வச்சது?"

அவர் கேமரா வாரைச் சரிசெய்துகொண்டே சொன்னார்:

"வெறும் சிலுவையா இருந்துச்சு. பார்க்க நல்லா இல்லம்மா."