சுற்றாத ரீல்

2005-இல் பி.ஏ. முடித்ததும் எனக்குக் கிடைத்த முதல் வேலை, மரக்காணத்துக்குப் பக்கத்தில் ஈசிஆர் ரோட்டோரம் இருந்த தூண்டில் மியூசியத்தில். ஓய்வு பெற்ற பேராசிரியை ஒருவர், தம் அப்பா சேர்த்த பழைய தூண்டில்களையும், தூண்டில் நரம்பு சுற்றும் ரீல்களையும் இரண்டு அறைகளில் அடுக்கி வைத்திருந்தார். எல்லாம் பிழைப்புக்காக இல்லாமல் விளையாட்டுக்காக மீன் பிடித்தவர்களின் சாமான்கள். ஒவ்வொன்றுக்கும் தமிழில் விளக்க அட்டை எழுதுவது என் வேலை. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். விளையாட்டுக்குப் பிடித்த மீனை அவர்கள் திரும்பத் தண்ணீரிலேயே விட்டுவிடுவார்கள் என்று சொன்னபோது அம்மா, "அப்புறம் கொழம்புக்கு என்னாத்த பண்ணுவாங்க?" என்றாள்.

மூன்று மாதம் பார்த்துவிட்டு நிரந்தரம் ஆக்குவதாக மேடம் சொல்லியிருந்தார். மூன்றாவது மாதம் அவர் சென்னை போயிருந்தபோதுதான் அந்தக் காரியத்தைச் செய்தேன். அவருடைய அப்பாவின் பித்தளை ரீல் கறுத்துக் கிடந்தது. பொங்கலுக்கு அம்மா குத்துவிளக்கு தேய்ப்பது போல, புளியும் உப்பும் வைத்துத் தேய்த்தேன். தங்கமாக மின்னியது. நான்காம் நாள் கைப்பிடியைச் சுற்றினால் அசையவில்லை. உள்ளே இருந்த இரும்பு ஸ்பிரிங் துருப்பிடித்து இறுகிவிட்டது.

அப்பா உப்பளத்தில் உப்பு வாருகிறவர். கேட்டதும் சிரித்துவிட்டார். "உப்பளத்துல பொறந்துட்டு, உப்பு இரும்பைத் தின்னும்னு தெரியலியாடா? நம்மூட்ல துருப்புடிச்சு மம்முட்டி எத்தினி போச்சு?" பிறகு, அந்தம்மா கண்டுபிடிப்பதற்கு முன்னால் நானே போய்ச் சொல்லிவிட வேண்டும் என்றார்.

சொன்னேன். மேடம் ரீலை வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கறுப்பாக இருந்தது அவர் அப்பாவின் கை பட்ட இடமாம். எனக்கு வேலை போனது போலத்தான் இருந்தது.

"என்ன பண்ணினியோ, அதை அப்படியே அட்டையில எழுதுப்பா. அதுவும் இந்த ரீலோட கதைதானே" என்றார்.

எழுதினேன். ஒரு எழுத்துப் பிழையைத் திருத்தினார். அடுத்த மாதமும் வரச் சொன்னார். நிரந்தரமாகத்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, துவைத்த சட்டை போட்டுக்கொண்டு அப்பா பார்க்க வந்தார். ரீலுக்கு முன்னால் நின்று, படிக்கச் சொன்னார். படித்தேன்: "புளியும் உப்பும் வைத்துத் தேய்த்ததால் இது சுற்றாது. தேய்த்தவர், இந்த அட்டையை எழுதியவர்."

இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். பிறகு மற்ற எல்லாவற்றையும் பார்த்தார். இரண்டு அறைகளையும் சுற்றி முடிக்கும் வரை, உப்பில் வெடித்த கைகளைப் பின்னால் கட்டியே வைத்திருந்தார்.