நாலாம் பகுதி நடக்கவில்லை

அந்த நாடகத்தைப் பார்க்க நான் ஆசைப்பட்டுப் போகவில்லை. என் மனைவி அனுப்பினாள்.

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். நான் செஞ்சி போலீஸ் ஸ்டேஷனில் ரைட்டர். ரைட்டர் என்றால் கதை எழுதுகிறவன் என்று சிலர் நினைத்துக்கொள்வார்கள். புகார், வாக்குமூலம், குற்றம் நடந்த இடத்தைப் பார்த்து எழுதுகிற மகசர் என்று ஸ்டேஷனில் எழுத வேண்டியதையெல்லாம் எழுதுகிற போலீஸ்காரன், அவ்வளவுதான். ஆடு திருட்டு, வரப்புத் தகராறு, களத்திலிருந்து எங்கள் பக்கத்தில் மல்லாட்டை என்கிற நிலக்கடலை மூட்டை காணாமல் போனது, இப்படித்தான் என் நாட்கள் போயின. எட்டு வருஷ சர்வீசில் இரண்டே இரண்டு கொலை வழக்கு எழுதியிருந்தேன். இரண்டிலும் கொன்றவன் தானே நடந்து ஸ்டேஷனுக்கு வந்து, படியில் உட்கார்ந்து, குடிக்கத் தண்ணீர் கேட்டான்.

அந்த வருஷம் ஐப்பசியில் ஒரு நாடகக் கம்பெனி ஊருக்கு வந்தது. திருவண்ணாமலை ரோட்டோரம் ஓலைக் கொட்டகை போட்டார்கள். கிருஷ்ணாயில் ரேஷனில்கூடச் சரியாகக் கிடைக்காத சமயம் என்பதால் விளக்கு வைத்து ஆட வழியில்லை. ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு ஆரம்பித்து இருட்டுவதற்குள் முடித்துவிடுவார்கள். அவர்கள் கொண்டுவந்தது ஊர் இதுவரை பார்க்காத சரக்கு. புராணம் இல்லை, ராஜா ராணி இல்லை. ஜமீன் பங்களா ஒன்றில், உள்ளே தாழ்ப்பாள் போட்ட அறையில், ஜமீன்தார் கொலையாகிக் கிடக்கிறார். கண்டுபிடிக்க மதராசிலிருந்து தொப்பியும் கோட்டுமாக ஒரு துப்பறிகிறவர் வருகிறார். கதை நாலு பகுதி. வாரம் ஒன்று.

முதல் இரண்டு பகுதியையும் என் மனைவி நிறைமாத வயிற்றோடு போய்ப் பார்த்தாள். இரண்டாம் பகுதி முடிந்த மறுநாள் பிரசவம். பெண் குழந்தை. அதே வாரம் பிடித்த மழையில் கொட்டகை ஒருபக்கம் சாய்ந்து, மூன்று வாரம் நாடகம் நின்றது. அதில் அவளுக்கு ஒரே சந்தோஷம். இன்னும் ஒரு வாரம் சேர்ந்து பெய்தால் முப்பது நாள் தீட்டுக் கழிந்து தானே போய்விடலாம் என்று கணக்குப் போட்டாள். மழை விட்டுவிட்டது. மூன்றாம் பகுதி என்று தண்டோரா போட்டுவிட்டார்கள். துணைக்கு அனந்தபுரத்திலிருந்து வந்திருந்த அவளுடைய அக்கா, பச்சை உடம்போடு வாசல் தாண்டக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்.

"நீங்க போயிட்டு வாங்க," என்றாள் என் மனைவி. "யாரு கொன்னான்னு பாத்துட்டு வந்து சொல்லுங்க. உங்களுக்குத்தான் இது தொழிலாச்சே."

அன்றைக்குக் கொட்டகையில் எனக்குப் பந்தோபஸ்து டியூட்டியும் இருந்தது. காக்கிச் சட்டையும் சிவப்புத் தலைப்பாகையுமாகப் போனேன். வாத்தியார் என்று எல்லோரும் கூப்பிடுகிற கம்பெனி முதலாளி ஓடிவந்து, முன்வரிசையில் தனியாக ஒரு மடக்கு நாற்காலி போட்டு உட்காரவைத்தார். எனக்குப் பின்னால் வல்லத்திலிருந்தும் தளவானூரிலிருந்தும் வண்டி கட்டிக்கொண்டு வந்த ஜனம். புது மல்லாட்டையை வறுத்து மடியில் கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். தோல் உடைகிற சத்தத்தில் பாதி வசனம் காதில் விழவில்லை.

விழாததால் நஷ்டமும் இல்லை. மூன்று மணி நேரத்தில் கதை ஒரு முழம்கூட நகரவில்லை. துப்பறிகிறவர் ஒரு பூதக்கண்ணாடியைக் கையில் வைத்துக்கொண்டு ஒரே ஒரு காலடித் தடத்தைக் கால்மணி நேரம் பார்த்தார். நடுவில் சமையல்காரி அழுதுகொண்டே ஒரு பாட்டு. ஜமீன்தாரின் தம்பி கோபமாக ஒரு பாட்டு. இரண்டு கோமாளிகள் வந்து கதைக்குச் சம்பந்தமே இல்லாமல் ஒருவரை ஒருவர் உதைத்துக்கொண்டார்கள். ஜனம் அதற்குத்தான் அதிகம் சிரித்தது.

எனக்குத் தாங்காமல் போனது வேறு. பிணம் விழுந்து மூன்று பகுதி ஆகிவிட்டது, இன்னும் ஒருவரும் மகசர் எழுதவில்லை. கதையில் ஒரு உள்ளூர் இன்ஸ்பெக்டர் உண்டு. அவர் ஒவ்வொரு காட்சியிலும் பிரம்பைத் தட்டிக்கொண்டு வருவார், நிற்பார், போவார். கையில் பென்சில்கூடக் கிடையாது. யாரிடமும் ஒரு வாக்குமூலம் வாங்கவில்லை. பெல்ட்டைத் தலைகீழாகப் போட்டிருந்தார். கடைசியில் துப்பறிகிறவர் மேடை நடுவுக்கு வந்து, "கொலைகாரன் இங்கேதான் இருக்கிறான்" என்று கையை நீட்டினார். யாரை நோக்கி நீட்டுகிறார் என்று நான் எட்டிப் பார்ப்பதற்குள் படுதா விழுந்துவிட்டது.

எனக்கு எரிச்சலாக வந்தது. அத்தோடு எழுந்து போயிருக்கலாம். வாத்தியார் விடவில்லை. மேடைக்குக் கூப்பிட்டு, சாமந்தி மாலை ஒன்றைப் போட்டு, "ஐயா ரெண்டு வார்த்தை பேசணும்" என்றார். மேடையில் பேசி எனக்குப் பழக்கமில்லை. பொய்யாகப் புகழவும் வரவில்லை. மனதில் இருந்ததைச் சொன்னேன்.

"நாடகம் பரவாயில்லை. ஆனால் அந்த இன்ஸ்பெக்டர் வேஷம் சரியில்லை. அதைக் கொஞ்சம் கவனிக்கணும்."

ஜனம் கை தட்டியது. வாத்தியாரின் முகம் மட்டும் சுருங்கிப்போனது. நல்ல வார்த்தை கிடைக்காத வருத்தம் என்றுதான் அப்போது நினைத்தேன்.

வீட்டுக்கு வந்ததும் செருப்பைக் கழற்றக்கூட அவள் விடவில்லை.

"யாரு?"

"சொல்லல. அடுத்த வாரம்தானாம்."

"சரி, இன்னிக்கி இன்னா நடந்துது?"

"ஒண்ணும் நடக்கல."

"மூணு மணி நேரம் ஒண்ணுமே நடக்காம உக்காந்திருந்தீங்களா?" குழந்தையை அக்கா கையில் கொடுத்துவிட்டு எனக்கு எதிரே வந்து உட்கார்ந்தாள். "அந்த சமையக்காரி எந்தப் பக்கமா உள்ள வந்தா? தோட்டத்துப் பக்கமா, வாசப் பக்கமா?"

"பாக்கல."

"தம்பிகாரன் கையில கட்டுப் போட்டிருந்தானே, இன்னும் இருக்குதா?"

எனக்குத் தெரியவில்லை. கையில் கட்டு இருந்ததே அவள் சொல்லித்தான் தெரியும்.

"அந்தக் காலடித் தடம் செருப்புக் காலா, வெறுங்காலா?"

"கால்மணி நேரம் பாத்தான். இன்னா காலுன்னு சொல்லல."

"அவன் சொல்லணுமா? நீங்க பாக்கக்கூடாதா?" என்றாள். அக்கா சிரிப்பை அடக்கிக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். "பாதகத்தி நான் ஒரு மாசமா இதுக்குள்ளயே அடைஞ்சி கெடக்கறேன். இத ஒண்ணுதான் நெனச்சிக்கிட்டிருந்தேன். மேடைக்குக் கூப்புட்டாங்களாமே, அங்க இன்னா சொன்னீங்க?"

செய்தி எனக்கு முன்னால் வந்து சேர்ந்திருந்தது. "பரவால்லன்னு சொன்னேன்," என்றேன். இன்ஸ்பெக்டர் வேஷத்தைப் பற்றிச் சொன்னதையும் சொன்னேன்.

"உயிரக் குடுத்து ஆடறாங்க. பரவால்லயாம்," என்றாள்.

அடுத்த ஞாயிறு அவளுக்கு முப்பது முடிந்திருந்தது. காலையில் கோயிலுக்குப் போய்ப் பூசை பார்த்துவிட்டு வந்து, மத்தியானம் ஒரு மணிக்கே புடவை மாற்றிக்கொண்டு தயாராகிவிட்டாள். குழந்தையைத் துணியில் சுற்றிக்கொண்டு, அக்காவும் சேர்ந்து மூன்று பேரும் நடந்தோம். மழைக்குப் பிறகு அடித்த வெயில். மலைப்பாறையிலிருந்து அனல் இறங்கிக்கொண்டிருந்தது. அவள் வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தாள். தம்பி இல்லை, அவனைச் சந்தேகப்பட வேண்டும் என்றே கட்டுப் போட்டுவிட்டிருக்கிறார்கள், சமையல்காரிக்கு ஏதோ தெரியும், யாருக்கோ பயந்து வாயை மூடிக்கொண்டிருக்கிறாள் என்றாள். நான் ஸ்டேஷனில் இத்தனை வருஷமாக எழுதியதில் எந்தச் சாட்சியைப் பற்றியும் இவ்வளவு யோசித்ததில்லை.

கொட்டகை வாசலில் கூட்டம் சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. பலகையில் ஜமீன் கதையின் பெயர் அழிக்கப்பட்டு, ஒரு பக்தி நாடகத்தின் பெயர் சுண்ணாம்பில் எழுதியிருந்தது. ஈரம்கூடக் காயவில்லை. நாலாம் பகுதி கிடையாதாம். ஏன் என்று கேட்டால் வாசலில் நின்ற ஆள், "மேலிடத்து உத்தரவுங்க" என்றான். யார் மேலிடம் என்று ஒருத்தன் கேட்டதற்கு, அவன் என்னைப் பார்த்தான். கூட்டமும் என்னைத் திரும்பிப் பார்த்தது.

என் மனைவியும் பார்த்தாள். குழந்தையோடு திரும்பி வீட்டை நோக்கி நடந்தாள்.

மறுநாள் காலை நான் கம்பெனிக்காரர்கள் தங்கியிருந்த வீட்டுக்குப் போனேன். யூனிபாரத்தோடு போனது என் மடத்தனம். என்னைக் கண்டதும் சமைத்துக்கொண்டிருந்தவர்கள், தலை வாரிக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் எழுந்து நின்றார்கள். வாத்தியார் தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார்.

"ஏன் நிறுத்திட்டீங்க?" என்றேன்.

"ஐயா சொன்னதுக்கப்பறம் போடுவமா?"

"நான் நிறுத்தச் சொல்லலியே. வேஷம் சரியில்லன்னுதான் சொன்னேன்."

"அது புரிஞ்சிதுங்க. அதனாலதான் நிறுத்திட்டம்."

"பெல்ட்டு தலைகீழா இருந்துது. அதத்தான் சொன்னேன்."

"ஆமாங்க. பெரிய தப்புங்க. இனிமே பெல்ட்டே கிடையாதுங்க."

எவ்வளவு தூரம் எடுத்துச் சொன்னாலும் அவர் ஒவ்வொரு வார்த்தையையும் வேறாகவே கேட்டார். அதிலும் நியாயம் இருந்தது. நாடகத்தில் யாராவது கதர்க் குல்லாய் வைத்துக்கொண்டு வந்தாலே ரிப்போர்ட் எழுதி அனுப்ப வேண்டிய காலம் அது. லைசென்சு கொடுப்பது தாலுகா கச்சேரி என்றாலும் ஸ்டேஷனிலிருந்து ஒரு வரி போனால் கம்பெனியே மூட்டை கட்ட வேண்டியதுதான். அந்த ஒரு வரியை எழுதுகிற கை என்னுடையது. அவருக்கு அது தெரியும்.

கடைசியில் கோபத்தை அடக்கிக்கொண்டு கேட்டேன். "நாடகம் போட வேணாம். கொலைகாரன் யாருன்னு மட்டும் சொல்லுங்க. வீட்டுல கேக்கறாங்க."

வாத்தியார் கைகளைக் கட்டிக்கொண்டு குனிந்தார். "ஐயா யாரச் சொல்றீங்களோ அவன்தாங்க."

திரும்பி வந்துவிட்டேன். புதன்கிழமைக்குள் கொட்டகையைப் பிரித்துக்கொண்டு திருவண்ணாமலைப் பக்கம் போய்விட்டார்கள். ஊரில் கொஞ்ச நாள் என் தலையைக் கண்டால், "யாருங்க கொன்னது, ரைட்டரையா?" என்று கேட்காதவர் இல்லை. டீக்கடையில் கேட்டார்கள். புகார் கொடுக்க வந்தவன்கூட எழுதி முடித்துக் கைநாட்டு வைத்த பிறகு கேட்டான். என் மனைவி மட்டும் கேட்கவில்லை. அதுதான் எனக்கு அதிகம் உறைத்தது.

அடுத்த வருஷம் ஒரு கைதியைக் கோர்ட்டில் ஆஜர்படுத்தத் திண்டிவனம் போயிருந்தேன். வேலை முடிந்து, மேலதிகாரிக்கு ரயிலில் கொடுத்தனுப்ப வேண்டிய ஒரு தபாலோடு ரயிலடியில் நின்றேன். பிளாட்பாரத்தில் தகரப்பெட்டிமேல் உட்கார்ந்து ஒருவர் வடை தின்றுகொண்டிருந்தார். தொப்பியும் கோட்டும் இல்லாவிட்டாலும் அடையாளம் தெரிந்தது. துப்பறிகிறவர். என்னைப் பார்த்ததும் வடையைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார்.

"நான் ஒண்ணும் பண்ணலீங்க. இப்ப வேற கம்பெனிங்க."

"பயப்படாதீங்க. ஒரே ஒரு கேள்வி," என்றேன். "செஞ்சியில நாலாம் பகுதி ஆடியிருந்தா யாரு கொலைகாரன்?"

அவர் இரண்டு பக்கமும் பார்த்தார். "ஐயாவுக்குத் தெரியாததா? நீங்கதான மேடையிலயே கண்டுபுடிச்சீங்க. இன்ஸ்பெக்டர்தாங்க."

எனக்கு ஒரு நிமிஷம் புரியவில்லை. அவர் மளமளவென்று சொன்னார். மூன்று பகுதியும் அவன் சும்மா வந்து நின்றுவிட்டுப் போவதே அதற்காகத்தானாம். யாரும் சந்தேகப்படக்கூடாது என்று வாத்தியார் பார்த்துப் பார்த்துச் செய்த ஏற்பாடாம். நான் மாலையோடு நின்று "இன்ஸ்பெக்டர் வேஷம் சரியில்லை" என்றதை வாத்தியார் வேறாகவே எடுத்துக்கொண்டாராம். போலீஸ் கொலை செய்வதாகக் காட்டப்போகிறோம் என்பது தெரிந்துபோய்விட்டது, ஜாடையாக எச்சரிக்கிறார்கள் என்று நினைத்து, அன்றைக்கே நாலாம் பகுதி நோட்டுப்புத்தகத்தை அடுப்பில் போட்டுவிட்டாராம்.

அதற்குள் விழுப்புரம் போகிற வண்டி வந்துவிட்டது. அவர் தகரப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறிக்கொண்டார். ஜன்னல் வழியாக எனக்கு ஒரு கும்பிடு போட்டார்.

பஸ்ஸில் செஞ்சிக்கு வரும்வரை எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஒரு வருஷத்துக்குப் பிறகு வீட்டுக்கு ஒரு பதிலோடு போகிறேன். மேலும் நான் வேண்டுமென்று செய்த தப்பு எதுவும் இல்லை என்பதும் இப்போது தெளிவாகிவிட்டது. அவள் முற்றத்தில் விதைக்கு மல்லாட்டை உடைத்துக்கொண்டிருந்தாள். குழந்தை பக்கத்தில் தோலைக் கைநிறைய அள்ளி இறைத்துக்கொண்டிருந்தது. தலைப்பாகையைக்கூட எடுக்காமல் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன்.

அவள் கை நின்றது. முகத்தில் அந்தப் பழைய வெளிச்சம் வந்ததைப் பார்த்தேன்.

"அதான் சமையக்காரி வாயத் தொறக்கல," என்றாள். "சரியாத்தான் இருக்குது. யாருகிட்டப் போயி சொல்லுவா?" பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தாள். "ஆனா இன்ஸ்பெக்டரு ஜமீன்தார ஏன் கொன்னான்?"

அதை நான் கேட்கவில்லை.

"உள்ள தாழ்ப்பாள் போட்ட ரூமுக்குள்ள எப்படிப் போனான்?"

அதையும் நான் கேட்கவில்லை. வண்டி வந்துவிட்டது என்றேன். வண்டி எத்தனை நிமிஷம் நின்றது என்று கேட்டாள். அஞ்சு நிமிஷம் இருக்கும் என்றேன்.

"அஞ்சு நிமிஷம்," என்றாள். குழந்தையின் வாயில் விரலை விட்டு, அது கடித்துக்கொண்டிருந்த தோலை எடுத்து வெளியே போட்டாள். நான் உள்ளே போய்த் தலைப்பாகையைக் கழற்றினேன்.