ஒழுகல்காரர் ட்ரோன் வாங்குகிறார்

ட்ரோனை இரண்டு கைகளாலும் ஏந்திக் கவிழ்த்து, அதன் வயிற்றை விரலால் தட்டிப் பார்க்கிறார். காதருகே கொண்டுபோய் ஆட்டுகிறார். இறக்கை ஒன்றை மெதுவாக வளைத்து, விட்டு, அது பழைய இடத்துக்குத் திரும்புகிறதா என்று கவனிக்கிறார். பிறகு கடைப்பெண்ணிடம் தன் ஒரே கேள்வியைக் கேட்கிறார்.

"இது விழுந்தா என்ன ஆகும்?"

"விழாது சார். சார்ஜ் குறைஞ்சா கிளம்பின இடத்துக்கே தானா திரும்பி வந்துரும்."

"நானும் அப்படித்தாம்மா நெனச்சுக்கிட்டு ஏறினேன்."

இது ஐந்தாவது சனிக்கிழமை. முதல் வாரம் அந்தப் பெண் எழுந்து நின்று வரவேற்றாள். மூன்றாவது வாரம் உட்கார்ந்தபடியே தலையசைத்தாள். இப்போது அவர் உள்ளே நுழைந்ததும், எதுவும் கேட்காமல், கீழ்த்தட்டிலிருக்கும் நான்கு பெட்டிகளை மேசையில் வைத்துவிட்டுத் தன் போனுக்குத் திரும்பிவிடுகிறாள். மேல்தட்டுப் பெட்டிகளின் விலையை அவர் ஒருமுறை கேட்டார். கேட்டுவிட்டு, யாரோ இறந்துபோன செய்தியைக் கேட்டவர்போல "அடடா" என்றார்.

அவர் என் சித்தப்பா. அம்மாவின் தங்கை கணவர். முப்பது வருடமாகக் கூரை ஒழுகலை அடைப்பது தொழில். தெருவில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. எல்லோருக்கும் அவர் ஒழுகல்காரர். எந்த வீட்டுக்குள் போனாலும் முதலில் மேலே பார்ப்பார், அப்புறம்தான் மனிதர்களை. பெண் பார்க்கப் போன வீட்டிலேயே விட்டத்தைத்தான் ஐந்து நிமிடம் பார்த்தாராம். "பொண்ணு புடிச்சிருக்கான்னு கேட்டா, தெக்கு மூலையில தண்ணி எறங்குதுன்னு சொன்ன மனுஷன்" என்று சித்தி இன்றும் சொல்லிக்காட்டுவாள். ஆனால் அந்தத் தெற்கு மூலையை அவர் அடைத்துக்கொடுத்த பிறகுதான் தாத்தா சம்மதித்தார் என்பதும் உண்மை.

பதினோரு மாதத்துக்கு முன் ஒரு கிடங்குக் கூரையில் பாசி வழுக்கி விழுந்தார். வலது தொடையில் ஒரு முழநீளக் கம்பி இருக்கிறது. மயக்கம் தெளிந்ததும் அவர் மருத்துவரிடம் சொன்ன முதல் வார்த்தைகள், அறுவை அறையின் கூரையில் ஒரு கறை இருப்பதாகவும் அது புதுக் கறை என்றும்தான். மருத்துவர் பதிலுக்கு, இனிமேல் நாற்காலிமேல்கூட ஏறக்கூடாது என்றார்.

ஏறுவதற்கு ஆள் இருக்கிறது: என் தாய்மாமன், அதாவது சித்தியின் தம்பி. இருபது வருடமாக அத்தானோடு வேலை செய்பவர், ஆட்டுக்குட்டி மாதிரி ஏறுவார். ஆனால் மேலே போனபின் அவருக்கு எது ஓட்டை, எது நிழல் என்று தெரியாது. போனில் படம் எடுத்து அனுப்பச் சொன்னார் சித்தப்பா. பன்னிரண்டு நிமிடப் படம் வந்தது. அதில் பதினோரு நிமிடம் அவருடைய செருப்பு. "காலு அவன்கிட்ட இருக்கு, கண்ணு என்கிட்ட இருக்கு. ரெண்டுக்கும் நடுவுல ஒரு சாமான் வேணும்" என்றார் சித்தப்பா. அந்தச் சாமான்தான் ட்ரோன்.

மூன்று வருடம் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு நான் திரும்பியிருந்ததால், ட்ரோன் விஷயத்தில் நான் மேதை என்று அவர் முடிவுகட்டியிருந்தார். நான் பார்த்த மலைமுகடு, அருவி, கடற்கரை எல்லாவற்றிலும் அது கொசுவாட்டம் ரீங்கரித்துக்கொண்டிருந்தது நிஜம்தான். "அங்கெல்லாம் கூரைய யாராச்சும் பாத்தாங்களா?" என்று கேட்டார். எல்லோரும் தங்களைத்தான் படம் பிடித்துக்கொண்டார்கள் என்றேன். அத்தனை தூரம் போய்வந்தும் இவள் எதையும் உருப்படியாகப் பார்க்கவில்லை என்பதுபோல என்னைப் பார்த்தார்.

கடைப்பெண் நல்லவள். தேவையானதையெல்லாம் ஐந்து வாரமும் சலிக்காமல் சொன்னாள். ரொம்ப லேசான ட்ரோன் காற்றில் இழுத்துக்கொண்டு போகும். ஒரே இடத்தில் அசையாமல் நிற்கிற வசதி இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். இறக்கையும் பேட்டரியும் தனியே வாங்கக் கிடைக்கவேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியம், கூரை பார்ப்பதென்றால் கேமரா கீழ்நோக்கித் திரும்பவேண்டும். விலை குறைந்தவற்றில் கேமரா நேராக முன்னால் மட்டும்தான் பார்க்கும். சித்தப்பா தலையாட்டித் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். கேட்டு முடித்ததும், மாதிரிக்கு வைத்திருந்த நான்கையும் மேசையிலிருந்து ஒவ்வொன்றாகத் தரைவிரிப்பில் தள்ளிவிட்டார். கடைப்பெண்ணின் போன் முதல்முறையாகக் கையிலிருந்து கீழே இறங்கியது. மூன்று ட்ரோன்களிலும் ஆளுக்கொரு பாகம் கழன்றது. நான்காவது, இருப்பதிலேயே மலிவான பிளாஸ்டிக் பொம்மை, உருண்டுபோய் நிமிர்ந்து உட்கார்ந்தது.

"இதான் விழுந்து எழுந்த ஆளு. இதக் குடும்மா" என்றார். கேமரா முன்னால் மட்டும்தான் பார்க்கும் என்று அவள் மறுபடி சொன்னபோது, அதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று பெட்டியை அணைத்துக்கொண்டு நடந்தார்.

அவர் பார்த்துக்கொண்ட விதம் இதுதான். சித்தியின் பவுடர் டப்பாவிலிருந்து கண்ணாடியைப் பெயர்த்தெடுத்து, தீப்பெட்டி அளவுக்கு அறுத்து, கேமராவுக்கு முன்னால் சாய்வாக ஒட்டினார். முன்னால் மட்டும் பார்த்த கேமரா இப்போது கண்ணாடி வழியாகக் கீழே பார்த்தது. மொட்டைமாடியில் பறக்கவிட்டபோது, எங்கள் தண்ணீர்த் தொட்டியின் மூடியும் அதன்மேல் உட்கார்ந்திருந்த காக்கையும் திரையில் துல்லியமாகத் தெரிந்தன. இருபது மடங்கு விலை சொல்கிறவர்கள் இதைப் பார்த்தால் கடையைச் சாத்திவிட்டுப் போய்விடுவார்கள் என்றார் சித்தப்பா. நானும் நம்பினேன், வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

முதல் வேலை அச்சகம். நான்கு கொட்டகை, நீளநீளமான தகரக் கூரை, வருடம் முழுக்க அவருக்கென்றே இருக்கும் ஒரே வாடிக்கை. அவர் விழுந்த பிறகும் வேறு ஆளைத் தேடாமல் காத்திருந்தார் அச்சக முதலாளி. ட்ரோன் எழும்பியது. காற்றில் ஒரு குடிகாரனைப்போல அலைந்தது. ஆனாலும் இரண்டாவது கொட்டகையின் கூரையில், முகட்டுக்கு மூன்று போல்ட் கீழே, வாஷர் தெறித்துப்போன ஓட்டையைச் சித்தப்பா கண்டுபிடித்துவிட்டார். ட்ரோனின் முகம் தெருவைப் பார்த்திருந்தது, ஓட்டை படத்தின் மேல்பாதியில் தெரிந்தது; அப்படியென்றால் தெருப்பக்கச் சரிவு. தாய்மாமன் ஏறினார். தெருப்பக்கம் பளிச்சென்று ஓட்டை எதுவும் இல்லையே என்று மேலேயிருந்து கத்தினார். உனக்கு எப்போது தெரிந்தது என்று கீழேயிருந்து பதில் போனது. ஒரு வரிசை முழுக்கப் பசை அடைத்துவிட்டு இறங்கினார்.

வியாழக்கிழமை மழை பெய்தது. அச்சகத்தில் ஒரு பள்ளியின் கேள்வித்தாள் கட்டுகள் நனைந்தன. முதலாளி கத்தவில்லை, அதுதான் மோசம். திங்கட்கிழமை வேறு கம்பெனி ஆட்கள் வந்து பார்ப்பதாக இருக்கிறார்கள், அதற்குமுன் முடிந்தால் வாருங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு போனை வைத்தார்.

சித்தப்பா சாப்பிடவில்லை. பொம்மையை மேசையில் வைத்து, அதன் வயிற்றை மறுபடி தட்டிப் பார்த்தார். பிறகு, நாளை காலையில் தானே ஏறப்போவதாகச் சொன்னார். தாய்மாமன் தட்டிலிருந்து கையை எடுத்துவிட்டுச் சித்தியைப் பார்த்தார். சித்தி பள்ளி வேன் ஓட்டுகிறவள். நாற்பது குழந்தைகளின் கூச்சலுக்கு மேல் பேசிப் பழகியவள், அன்று மெதுவாகத்தான் பேசினாள்.

"தாராளமா ஏறுங்க. போன தடவ ஆஸ்பத்திரியில உங்களுக்கு ஸ்பூன்ல ஊட்டினேன். இந்தத் தடவ ஊட்ட வாயாச்சும் மிச்சமிருக்கான்னு பாத்துட்டு வாங்க."

அப்புறம் பொம்மையைத் தன் பக்கம் இழுத்தாள். தன் பவுடர் டப்பாக் கண்ணாடியை அடையாளம் கண்டுகொண்டாள். அதைப் பற்றி என்ன சொல்லப்போகிறாளோ என்று நாங்கள் மூவரும் தயாரானோம். அவள் போனில் பதிவாகியிருந்த படத்தை ஓடவிட்டு, கண்ணாடியையும் படத்தையும் மாறிமாறிப் பார்த்தாள்.

"இதுல மேல தெரியறது முன்பக்கம்னு யாரு சொன்னா?"

"மேல தெரிஞ்சா முன்பக்கந்தான்."

"கண்ணாடியில தெரியறது பின்னால வர்றதுங்க. பதினாலு வருஷமா வேன் ஓட்டறேன், இதுகூடவா தெரியாது எனக்கு? ஓட்ட கொல்லப்பக்கம் இருக்கு. நீங்க நல்லாயிருக்கற பக்கத்துக்கு மருந்து போட்டுட்டு வந்திருக்கீங்க."

தாய்மாமன் மட்டும் சிரித்தார். இருபது வருடத்தில் முதல்முறையாக அவர் சொன்னது சரியாக இருந்தது. அந்தச் சிரிப்பை அவரிடமிருந்து யாரும் பிடுங்கவில்லை. சித்தப்பா பொம்மையிலிருந்து கண்ணாடியைப் பெயர்த்து, துடைத்து, சித்தியிடம் நீட்டினார். "நீயும் கடைக்கு வா" என்றார்.

கடைப்பெண் கீழ்த்தட்டுப் பெட்டிகளை எடுக்கக் குனிந்தாள். சித்தி அவளைத் தடுத்து, மேல்தட்டைக் காட்டினாள். கேமரா கீழே திரும்புமா, காற்றில் நிற்குமா, இறக்கை தனியாகக் கிடைக்குமா என்று மூன்றே கேள்வி. மேல்தட்டில் விலை குறைந்தது எதுவோ அதை எட்டு நிமிடத்தில் வாங்கினாள். சித்தப்பா அதை வாங்கித் தட்டிப் பார்க்கக் கை நீட்டியபோது, கடைப்பெண் பெட்டியைச் சித்தியிடம் கொடுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அச்சகத்தில் நான்கு பேரும் நின்றோம். ஐந்தாவதாக, கையைக் கட்டிக்கொண்டு முதலாளி. ஓட்டியது சித்தி. அதை யாரும் தீர்மானிக்கவில்லை, பெட்டியிலிருந்து எடுத்தவள் கீழே வைக்கவில்லை, அவ்வளவுதான். ட்ரோன் இரண்டாவது கொட்டகைக்கு மேலே போய், ஆணி அடித்ததுபோல நின்றது. கேமரா குனிந்து கொல்லைப்பக்கச் சரிவைக் காட்டியது. முகட்டுக்கு மூன்று போல்ட் கீழே அந்த ஓட்டை இருந்தது. சித்தப்பா திரையில் விரலை வைத்தார். முதலாளி எட்டிப் பார்த்துவிட்டுக் கட்டியிருந்த கையை அவிழ்த்தார்.

தாய்மாமன் பசைக் குழாயோடு ஏறினார். போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, சித்தப்பா ஒவ்வொரு அடியாகச் சொல்லிக்கொண்டு போனார். ஓட்டைக்குப் பக்கத்தில், வெளிச்சத்துக்காகப் போட்ட, ஆள் எடை தாங்காத பிளாஸ்டிக் ஷீட் ஒன்று, தகரத்தின் நிறத்துக்கே தூசி படிந்து கிடந்தது. மேலே நிற்பவருக்கு அது தெரியவில்லை. திரையில் அவர் கால் அதை நோக்கி நீண்டது.

"மாப்ள. அதுல வைக்காத. அது தகரமில்ல" என்றார் சித்தப்பா, குரல் உயராமல்.

திரையில் அந்தக் கால் அந்தரத்தில் நின்றது. நான் தற்செயலாகக் கீழே பார்த்தேன். சிமெண்டுத் தரையில், கம்பி வைத்த சித்தப்பாவின் வலது காலும் ஓரங்குலம் எழும்பி நின்றிருந்தது. அங்கே மேலே, செருப்பு பின்வாங்கி போல்ட் வரிசைமேல் பத்திரமாக இறங்கியது. அதற்கப்புறம்தான் இதுவும் இறங்கியது.