நாலு விரல் குறைந்த சைக்கிள்

மூங்கிலில் சைக்கிள் செய்யப் போகிறோம் என்று நான் சொன்னபோது எங்கள் தெருவே சிரித்தது. "ஏட்டி, மூங்கில் வாங்குனா பாடைதான் கட்டுவாங்க. நீங்க அதுக்குச் சக்கரம் வைக்கப் போறியளோ?" என்று கேட்டாள் எதிர்வீட்டுக்காரி. "ஆமா, முதல்ல உன்னத்தான் ஏத்தி அனுப்பப் போறேன்" என்றேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அந்த வாயால் நான் பட்ட வெட்கக்கேடும் இதில் வரும், மறைக்க மாட்டேன்.

கோவில்பட்டியில் இருபது வருஷம் தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்த்தவள் நான். பேருதான் ஆபீஸ். உள்ளே மேஜையும் கிடையாது, நாற்காலியும் கிடையாது. தரையில் உட்கார்ந்து சட்டத்தில் குச்சி அடுக்க வேண்டும். லைட்டர் வந்தது, எங்கள் ஆபீஸ் படுத்தது. மூடிய அன்றைக்கு எங்களைவிட முதலாளி அண்ணாச்சிதான் அதிகம் கண் கலங்கினார். கலங்கி என்ன செய்ய? மறுநாள் காலையில் எங்கள் வீட்டு அடுப்பு எரிய வேண்டுமே.

அந்த நேரத்தில்தான் பெங்களூரிலிருந்து ஒரு இன்ஜினியர் பெண் வந்து எங்களில் நாலு பேருக்குப் பதினைந்து நாள் இந்த வேலையைக் கற்றுக்கொடுத்தது. மூங்கிலை அளந்து அறுத்து, மூட்டுக்கு மூட்டு சேர்த்து, சணல் நாரை ரெசின் என்ற பசையில் நனைத்து இறுக்கிச் சுற்ற வேண்டும். காய்ந்தால் கல்லாகிவிடும். சக்கரம், செயின், பெடல் எல்லாம் சைக்கிள் கடையில் கிடைக்கும். முதல் வண்டி நன்றாக வந்தால் இன்னும் ஆறு வண்டி எடுத்துக்கொள்ள ஒரு கடைக்காரர் தயார் என்று சொல்லிவிட்டுப் போனது அந்தப் பெண்.

வேலைக்குத் தூசி படாத இடம் வேண்டும். மூடிக் கிடந்த எங்கள் ஆபீஸ் ஷெட்டை அண்ணாச்சியிடம் கேட்டோம். அவர் அதை உளுந்து மூட்டை அடுக்க ஒரு வியாபாரிக்குக் கொடுப்பதாகப் பேசி வைத்திருந்தார். நான் விடவில்லை. கடைசியில் அவர் சாவியை என் கையில் கொடுத்துச் சொன்னார்: "ஒரு வண்டி செஞ்சு காட்டுங்க. அது என்னையத் தாங்குச்சுன்னா ஷெட் உங்களுக்கு. தாங்கலன்னா சாவி எனக்கு." அண்ணாச்சி சாமானிய ஆள் இல்லை. ஆட்டோவில் அவர் ஏறினால் டிரைவர் ஒரு தடவை திரும்பிப் பார்ப்பார். இருந்தாலும் சரி என்றேன். இந்த ஷெட் போனால் நாங்கள் நாலு பேரும் நாலு திசையில் நூல் மில்லுக்கு ஆள் ஏற்றிப் போகும் வேனுக்குக் காத்து நிற்க வேண்டியதுதான்.

தென்காசியிலிருந்து மூங்கில் வந்து இறங்கியது. எங்கள் ஊர் வெயில் அதைச் சும்மா விடுமா? ரெண்டே நாளில் நுனி வெடிக்க ஆரம்பித்தது. மற்ற மூன்று பேரும் கையைப் பிசைந்துகொண்டு நிற்க, எனக்குத்தான் யோசனை வந்தது. தீப்பெட்டி ஆபீசில் குச்சியை முதலில் காய்ச்சின மெழுகில் முக்குவோம், அப்புறம்தான் தீப்பற்றுகிற மருந்தில். மெழுகு படாத குச்சியை இருபது வருஷத்தில் நான் வெளியே விட்டதே இல்லை. ஷெட் மூலையில் பழைய மெழுகுக் கட்டி கிடந்தது. காய்ச்சினேன். எல்லா மூங்கிலின் இரண்டு நுனியையும் முக்கி எடுத்தேன். வெடிப்பு நின்றுவிட்டது. "எப்படி என் மூளை?" என்று எல்லாரிடமும் கேட்டு, ஆமாம் சொல்ல வைத்த பிறகுதான் விட்டேன்.

வண்டி தயாரான வெள்ளிக்கிழமை அண்ணாச்சி வெள்ளை வேட்டியும் சட்டையுமாக வந்தார். முதல் நாள் பெய்த மழையில் வாசலில் கரிசல் மண் குழைந்து கிடந்தது. வண்டியில் ஏறினார். ஒரு மிதி மிதித்தார். ரெண்டாவது மிதிக்கு 'மடக்' என்று ஒரு சத்தம். முன்சக்கரம் ஒரு பக்கம் போக, அண்ணாச்சி சகதியில் உட்கார்ந்துவிட்டார். ஐயோ என்று நாலு பேரும் ஓடினோம். நல்ல வேளை, சகதி மெத்தென்று இருந்ததால் எலும்புக்கு ஒன்றும் இல்லை. வேட்டியைத்தான் பார்க்கச் சகிக்கவில்லை. அவர் மெதுவாக எழுந்து, "அடுத்த வெள்ளி வந்து இன்னும் ஒரே ஒரு தடவ ஏறிப் பாப்பேன். ஷெட்டுக்குப் பூட்டு வாங்கிட்டுத்தான் வாரேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் தலை மறைந்ததும் நான் மதினி மேல் பாய்ந்தேன். மதினி என் அண்ணன் பெண்டாட்டி, எங்கள் நாலு பேரில் ஒருத்தி. எனக்கும் அவளுக்கும் ஒரே வயசு, அதனால் 'வா', 'போ' என்றுதான் பேசிக்கொள்வோம். மூட்டுக்கு நார் சுற்றுவது அவள் வேலை. "இறுக்கிச் சுத்துன்னு எத்தன தடவ சொன்னேன்? சவ்வு மிட்டாய் சுத்துத மாதிரி சுத்தி வச்சிருக்க!" என்று கத்தினேன். பாவம், அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு உடைந்த மூட்டைக் கையில் எடுத்தாள். திருகினாள். கெட்டியான நார் முழுசாக, வளையல் மாதிரி, மூங்கிலை விட்டுக் கழன்று வந்தது. அவள் அதை மோந்து பார்த்துவிட்டு என் மூக்கருகில் நீட்டினாள்.

மெழுகு வாசனை!

பசை பிடிக்க வேண்டிய இடத்தில் எல்லாம் நானே மெழுகு தடவி வைத்திருக்கிறேன். வழுக்காமல் என்ன செய்யும்? எனக்கு அழுகையே வந்துவிட்டது. "மதினி, உன்னப் போய்ப் பேசிட்டனே, இந்த வாய்ல கொள்ளியத்தான் வைக்கணும்" என்றேன். அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "மருந்தையும் தொட்டு வச்சிருந்தா அண்ணாச்சி உரசுன உரசுல பத்தியிருக்கும்" என்றாள். நாங்கள் நாலு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம்.

வேறு மூங்கிலுக்கு நேரமில்லை. மெழுகு ஏறின நுனியை எல்லாம் இரண்டு பக்கமும் நாலு நாலு விரல் அறுத்துத் தள்ளினோம். உப்புத்தாள் போட்டுச் சொரசொரப்பாகத் தேய்த்தோம். மதினிதான் எல்லா மூட்டையும் மறுபடி சுற்றினாள், நான் வாயைத் திறக்கவே இல்லை. வண்டி எழுந்து நின்றது. ஆனால் குட்டையாக நின்றது. இதில் அண்ணாச்சி எப்படி உட்காருவார் என்று ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டோம்.

அடுத்த வெள்ளிக்கிழமை அவர் கையில் புதுப் பூட்டும் ஒரு சங்கிலியும் இருந்தன. வேட்டிக் கதை வீட்டுக்குத் தெரிந்துவிட்டதால் வேடிக்கை பார்க்க அவர் வீட்டம்மாவும் கூட வந்திருந்தார். அண்ணாச்சி சீட்டில் உட்கார்ந்தார். முழங்கால் ஹேண்டில் பாரில் இடித்தது. மிதிக்க வழியே இல்லை. "இது என்ன, பொம்ம வண்டியா? சரி, சாவியக் கொடுங்க" என்று கையை நீட்டினார். நான் இடுப்பில் சொருகியிருந்த சாவியைத் தொட்டேன். எடுத்துக் கொடுக்கக் கை வரவில்லை.

"கொஞ்சம் எறங்குங்க" என்றார் வீட்டம்மா. சேலைத் தலைப்பை இழுத்துச் சொருகிக்கொண்டு வண்டியில் ஏறினார். கால் அளவாகத் தரையில் ஊன்றியது. அவருக்கென்றே அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தது வண்டி. "நாகலாபுரத்துல பள்ளிக்கூடத்துக்கு நான் சைக்கிள்லதான் போனேன். கல்யாணம் ஆனதும் காருதான், ஆட்டோதான். உங்களத் தாங்கணும்னுதான பேச்சு? பின்னால உக்காருங்க."

"ஏய், உனக்கு என்ன கோட்டி பிடிச்சிருக்கா?"

"உக்காருங்கன்னா!"

அண்ணாச்சி கேரியரில் உட்கார்ந்தார். வீட்டம்மா ஒரு அழுத்து அழுத்தினார். வண்டி ஒரு ஆட்டம் ஆடி, நிமிர்ந்து, போக ஆரம்பித்தது. மதினி என் கையைப் பிடித்து நசுக்கினாள். ஷெட்டைச் சுற்றி ஒரு சுற்று, ரெண்டு சுற்று. அண்ணாச்சி இரண்டு காலையும் விரித்துத் தூக்கிக்கொண்டு, "மெதுவா! மெதுவா!" என்று கத்திக்கொண்டே போனார். மூன்றாவது சுற்றில் அவரே குதித்து இறங்கிவிட்டார். வீட்டம்மா இறங்கவில்லை. பாரம் குறைந்த சந்தோஷத்தில் கேட்டைத் தாண்டி எட்டயபுரம் ரோட்டில் போய் மறைந்தார்.

அரை மணி நேரம் ஆயிற்று. அண்ணாச்சி கேட்டுக்கும் ஷெட்டுக்கும் நடந்தார். நான் ரோட்டை எட்டி எட்டிப் பார்த்தேன். எந்த மூட்டு விட்டதோ, அந்த அம்மா எங்கே விழுந்து கிடக்கிறாரோ! கடைசியில் தூரத்தில் பெல் சத்தம் கேட்டது. வியர்த்து ஒழுக, முகமெல்லாம் பல்லாக வந்தார். ஹேண்டில் பாரில் கடலைமிட்டாய் பொட்டலம் தொங்கியது. நான் ஓடிப்போய் ஒவ்வொரு மூட்டாகத் தடவிப் பார்த்தேன். ஒரு கீறல் இல்லை.

வீட்டம்மா வண்டியைச் சுவரில் சாய்த்துவிட்டுப் புருஷனிடம் கையை நீட்டினார். "அந்தப் பூட்டக் கொடுங்க."

"எதுக்கு?"

"வண்டிக்குப் பூட்டு வேணும்லா? ஊர்ல இப்படி ஒண்ணு வேற யார்ட்ட இருக்கு? எவனாவது தூக்கிட்டுப் போயிருவான்."

அண்ணாச்சி பூட்டைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், பெண்டாட்டியைப் பார்த்தார். பிறகு சங்கிலியோடு பூட்டைக் கொடுத்துவிட்டுக் கடலைமிட்டாயில் ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். ஷெட் சாவி என் இடுப்பிலேயே இருந்தது.